தருக்கம் யாருக்குச் சொந்தம்?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தருக்கம் கணிதத்தின் ஒரு கிளை, மெய்யியல்காரர்கள் வாய்ப்பந்தல் போடுகிறவர்கள் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறாய். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உன் பக்கத்து நியாயம். அரிஸ்டாட்டில் வகுத்த முறை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கோலோச்சியது. ஆனால் 'குதிரைகள் எல்லாம் விலங்குகள். ஆகவே குதிரையின் தலை விலங்கின் தலை' என்ற எளிய முடிவுக்குக்கூட அதில் இடமில்லை. இந்தக் குறையை டி மார்கன் என்ற கணிதவியலாளர் சுட்டிக்காட்டினார். 1847இல் ஜார்ஜ் பூல் தருக்கத்தை இயற்கணிதமாக எழுதினார். 1879இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஃப்ரேகே 'எல்லா', 'சில' ஆகியவற்றுக்கும் பொருள்களுக்கு இடையிலான உறவுகளுக்கும் குறியீடு அமைத்த பிறகு, அந்தக் குதிரைத் தலை எளிதில் பிடிபட்டது. கணிதம் கைவைக்காமல் இருந்திருந்தால் தருக்கம் இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் ஃப்ரேகே எதற்காக இவ்வளவு மெனக்கெட்டார்? எண் என்றால் என்ன என்று அறியத்தான். எண்கணிதம் முழுவதையும் தருக்கத்திலிருந்தே வருவித்துவிடலாம் என்று நம்பினார். 1902இல் ஆங்கிலேய மெய்யியலாளர் ரஸ்ஸல் அவருக்கு எழுதிய ஒரு கடிதம் அதன் அடித்தளத்தையே ஆட்டிவிட்டது. கணம் என்றால் பொருள்களின் தொகுப்பு. தன்னைத் தன் உறுப்பாகக் கொள்ளாத கணங்களை எல்லாம் சேர்த்து ஒரு கணம் அமைத்தால், அது தனக்கே உறுப்பா? ஆம் என்றால் இல்லை என்றாகிறது. இல்லை என்றால் ஆம் என்றாகிறது. (கடிதத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு. நீயும் அடிக்கடி எழுதலாம்.)

இப்போது உன் பாடத்திலிருந்தே ஒன்று. இரு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாதது விகிதமுறா எண், √2 போல. விகிதமுறா எண்ணை விகிதமுறா அடுக்குக்கு உயர்த்தி விகிதமுறு எண்ணைப் பெற முடியுமா? √2ஐ √2 அடுக்குக்கு உயர்த்து. விடை விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால், அந்த விடையை மறுபடி √2 அடுக்குக்கு உயர்த்து, 2 வந்துவிடும். ஆகவே எப்படியும் அப்படி ஒரு சோடி உண்டு. ஆனால் இரண்டில் எந்தச் சோடி என்று கேட்டால் இந்த நிறுவல் வாய் திறக்காது. (முதல் விடை விகிதமுறா எண்தான் என்பது பிற்பாடு வேறு வழியில் தெரிந்தது, அது தனிக் கதை.)

டச்சுக் கணிதவியலாளர் பிரௌவர் இதை நிறுவல் என்றே ஒப்பமாட்டார். ஒன்று இருக்கிறது என்றால், அதை உருவாக்கிக் காட்டு என்பது அவர் கட்சி. ஒரு கூற்றோ அதன் மறுப்போ உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியை முடிவிலிக்கும் அப்படியே நீட்டுவதை அவர் ஏற்கவில்லை. அந்த விதியைக் கணிதவியலாளரிடமிருந்து பறிப்பது வானியலாளரிடமிருந்து தொலைநோக்கியைப் பறிப்பது போன்றது என்று ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் கொதித்தார்.

இருவருமே பெரும் கணிதவியலாளர்கள். எந்தத் தேற்றத்தைக் காட்டி இந்த வழக்கைத் தீர்ப்பாய்? தேற்றம் எழுதுவதற்கான விதியே அல்லவா வழக்கில் இருக்கிறது! 'இருக்கிறது' என்றால் என்ன, நிறுவல் எதை நமக்குத் தரவேண்டும் என்று அவர்கள் மோதிக்கொண்டபோது, நீ வாய்ப்பந்தல் என்று ஒதுக்கிய மெய்யியலைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு ஹில்பர்ட் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் பிரௌவரை மடக்க என்னிடம் சரக்கு இல்லை. உன்னிடம் இருந்தால், மழுப்பாமல் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா