ஈர்க்கு அளவு

பாம்பன்,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். போனில் பேச ஆரம்பித்தால் அம்மா இடையில் வாங்கிக்கொள்வாள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம். நம் ஆன்லைன் சென்டரைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து டைப் செய்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பஸ்ஸில் போகும்போது படி.

அங்கே கனடாவில் ஃபிகர் ஸ்கேட்டிங், அதுதான் ஐஸில் சறுக்கும் ஆட்டம், கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னதும் முதலில் சிரிப்புதான் வந்தது. நம்மூரில் ஐஸ் என்றால் பாளம் பாளமாக வந்து, உடைபட்டு, மீன் பெட்டிக்குள் போவது. கரையில் சிந்திக் கிடக்கும் துண்டில் கால் வைத்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீ காசு கட்டி அதன் மேல் ஏறப் போகிறாய். சரி, இருபத்தொன்பது வயதில் ஓர் ஆசை. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வாங்குவதற்கு என்று எடுத்து வைத்திருக்கும் சாமான்களைப் படம் பிடித்து அனுப்பினாயே, அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நான்கு நாளாக ராத்திரியில் அந்தக் கம்பெனிகளின் அளவுப் பட்டியலையும் கடைகளின் ரிட்டர்ன் விதிகளையும்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கே ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் கொடுப்பவன், சொந்த மகள் வாங்குவதைப் பார்க்காமல் விட முடியுமா?

முதலில் பூட்ஸ். உன் செருப்பு அளவுக்கு ஒன்று கூட்டி எடுத்திருக்கிறாய். 'தடி சாக்ஸ் போடுவேன்ப்பா' என்று காரணம் வேறு. இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் உன்னைத் தரையில் நிறுத்தி, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை வைத்து ஒடிப்பேன். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் போவேன். கடைக்காரர் சரியான ஷூவை எடுத்து வைத்தால், 'இன்னும் ஒரு விரல்கடை பெரிசா கொடுங்க, அடுத்த வருஷமும் போடணும்' என்பேன். நீ முன்னால் பஞ்சை அடைத்துக்கொண்டு டக் டக்கென்று நடந்து போவாய். பெரிதாய் வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று உனக்குக் கற்றுக் கொடுத்தவன் நான்தான். அன்றைக்குக் கையில் இருந்த காசு அப்படி.

இந்த பூட்ஸுக்கு அது ஆகாது. குதிகால் உள்ளே அரை விரல் எழும்பினாலும் போச்சு. அடியில் இருப்பது மெல்லிய இரும்பு, அதன் மேல் நிற்பது உன் கணுக்கால். பூட்ஸ் இறுக்கிப் பிடிக்காவிட்டால் கணுக்கால் ஒரு பக்கம் மடியும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். சாக்ஸ் மெல்லியதாக இருக்க வேண்டும். தடி சாக்ஸ் போட்டால் கால் உள்ளே நழுவும். வழக்கமாக நாம் போடும் ஷூவைவிட இதில் அளவு குறைவாகத்தான் வரும். ஆனால் எவ்வளவு குறைவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஆகவே ஷூ நம்பரை நம்பாதே, பாதத்தின் மில்லிமீட்டர் அளவை நம்பு. நீளத்தோடு அகலமும் கேட்பார்கள்.

அடுத்தது, நீ எடுத்திருப்பது எந்த மாதிரி பூட்ஸ் என்று உனக்கே தெரியுமா? அமெரிக்காவில் பிறந்து இந்தியாவுக்காகச் சறுக்கும் தாரா பிரசாத்தின் வீடியோவை அனுப்பியிருந்தாயே, நன்றாகத்தான் இருந்தது. அம்மா இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்த மாதிரி ஆட்கள் காற்றில் எழும்பிச் சுழன்று ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறவர்கள். அந்த அடியைத் தாங்குவதற்காக அவர்கள் பூட்ஸைக் கல் மாதிரி விறைப்பாகச் செய்கிறார்கள். நீ இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறவள். அவ்வளவு விறைப்பில் உனக்குக் கணுக்கால் மடங்காது, கணுக்கால் மடங்காமல் முழங்காலை மடக்க முடியாது, முழங்கால் மடங்காவிட்டால் சறுக்கவே முடியாது. வல்லத்தில் விசைப்படகு எஞ்சினைப் பூட்டின மாதிரி. எடேயா, ஜாக்சன், ரீடெல் என்று எந்தக் கம்பெனியைப் பார்த்தாலும் தொடக்க நிலைக்கென்று தனி பூட்ஸ் வைத்திருக்கிறார்கள். உன் எடைக்கும் உன் நிலைக்கும் ஏற்றதை எடு. அதற்காகப் பல்பொருள் கடையில் தொங்கும் தொளதொள சாமானையும் வாங்காதே, அது இன்னொரு கோடி.

பெரிய நிலைக்குப் போனவர்கள் பூட்ஸைத் தனியாகவும் அடியில் இருக்கும் இரும்பு பிளேடைத் தனியாகவும் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அந்த பிளேடுகளில் பேர்போன ஜான் வில்சன், எம்கே இரண்டும் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊர்ச் சரக்கு. உன் தாத்தா கத்தி வாங்கினால் அந்தப் பேர் அடித்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார்! உனக்கு இப்போது பிளேடு மாட்டியே வரும் செட் போதும். ஆனால் புதுசு என்பதற்காக அப்படியே ஐஸில் இறங்காதே. பெரும்பாலும் முதலில் சாணை பிடித்தாக வேண்டும். பிளேடின் அடிப்பக்கம் தட்டையல்ல, நடுவில் ஒரு குழிவு ஓடி இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு நிற்கிறது. நுனியில் ரம்பப் பல் வேறு. ஐஸ் ஹாக்கி பிளேடு தீட்டிப் பழகியவர் கையில் கொடுத்தால் அந்தப் பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடலாம். அதனால் ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடு தீட்டத் தெரிந்தவரை உன் கோச்சிடம் கேட்டு வைத்துக்கொள்.

துரு பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நீ எடுத்திருக்கும் பிளாஸ்டிக் உறை, ரிங்க்குக்கு, அதாவது ஐஸ் தளத்துக்கு, வெளியே நடப்பதற்கு மட்டும்தான். அதை மாட்டியபடியே பைக்குள் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கித் துரு ஏறும். துணி உறை தனியாக விற்கிறார்கள், அதையும் எடு. துடைத்து, காயவிட்டு, துணி உறையை மாட்டு.

இப்போது கடைக்கு வருகிறேன். நீ பார்த்திருப்பது கனடாவுக்கு வெளியே இருக்கிற கடை. பொருள் வந்து சேரும்போது வரி கேட்பார்கள், திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் கப்பல் கூலி உன் தலையில். உன் ஒன்டாரியோவிலேயே, வாட்டர்லூவில் ஜாக்சன்காரர்கள் இருக்கிறார்கள். கனடாவுக்குள்ளேயே விற்கிற கடையைப் பார். விலையைப் பார்ப்பதற்கு முன் ரிட்டர்ன் பக்கத்தைப் படி. பெட்டி வந்ததும் வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் உறையோடு அரை மணி நேரம் நின்று பார். சரி என்று மனசு சொல்லும்வரை சாணைக்கும் கொடுக்காதே, சூடு வைத்துக் காலுக்கு ஏற்ப வார்க்கவும் விடாதே. அதன் பிறகு பொதுவாக எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. போன வருஷம் கடலில் பாசி எடுக்கப் போகும் பதினோரு பெண்களுக்கு ரப்பர் ஷூ ஆர்டர் போட்டேன். எல்லோருடைய செருப்பு நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டேனே தவிர, ஒருத்தி காலையும் அளக்கவில்லை. வந்ததில் ஏழு ஜோடி சேரவில்லை. விற்றவன் போனை எடுக்கவே இல்லை. ஏழு பேருக்கும் என் கைக்காசைத்தான் கொடுத்தேன். அந்த ஷூ இன்னும் சென்டர் பரணில் கிடக்கிறது. அம்மா வீடு கூட்டும்போதெல்லாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டாள்.

கடைசியாகச் சொன்னாலும் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் பட்டியலில் மினுமினு பாவாடை இருக்கிறது, கையுறை இருக்கிறது. விழுந்தால் அடி தாங்கும் பேடு ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, 'குண்டாத் தெரியும்ப்பா, சின்னப் பிள்ளைகள் சிரிக்கும்' என்றாய்.

உன் அம்மா சின்னப்பாலத்துக் கரையில் இறங்குவதை நீ எத்தனை தடவை பார்த்திருக்கிறாய். மரிக்கொழுந்துப் பாசி பாறையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். விரல் ஒவ்வொன்றுக்கும் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வாள், ரப்பர் செருப்பைக் கயிறு போட்டு இறுக்குவாள், சேலைக்கு மேலே பழைய சட்டை, அதற்கு மேலே இடுப்பில் பை. பார்க்க எப்படி இருப்பாள் என்று யோசித்துப் பார். ஒரு நாளாவது யாராவது சிரிப்பார்களே என்று துணி சுற்றாமல் இறங்கியிருக்கிறாளா? அப்படியும் அவள் விரல் எப்படி இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

பின்பக்கம் விழுந்தால் வால் எலும்பு, பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பு, முன்னால் விழுந்தால் முழங்கால், கையை ஊன்றினால் மணிக்கட்டு. இந்த நான்குக்கும் பேடு கிடைக்கிறது. இடுப்புக்கும் வால் எலும்புக்கும் சேர்த்துத் திண்டு வைத்துத் தைத்த அரைக்கால்சட்டையே விற்கிறார்கள், உள்ளே போட்டு மேலே பேண்ட் போட்டுக்கொள்ளலாம். அதுவும் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் விழும்போது திண்டு விலகிவிடும். ஜெல் வைத்தது மெல்லியதாக இருக்கும், பஞ்சு மாதிரி ஃபோம் வைத்தது கொஞ்சம் தடிமன். முதல் ஆறு மாதத்துக்குத் தடிமனையே எடு. தலைக்கு ஹெல்மெட்டும் போடு. குழந்தை விழுவதும் நீ விழுவதும் ஒன்றல்ல தாயி, உனக்கு உயரமும் எடையும் அதிகம், விழ வேண்டிய தூரமும் அதிகம்.

இன்னொன்று. விழுந்தவுடன் விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார்களாம், பின்னால் வருகிறவர் பிளேடு ஏறிவிடக் கூடாது என்று. இதைப் படித்துச் சொன்னதும் அம்மா எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'அந்த சாமானுக்கு நான் பணம் தரேன்னு சொல்லுங்க' என்றாள். பாசிப் பணம். வேண்டாம் என்று சொல்லிவிடாதே, வாங்கிக்கொள்.

அதனால் அந்தக் கூடையை முழுசாகக் காலி செய். பாவாடை அப்புறம். நாளைச் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், சுவரில் குதிகாலை ஒட்டி, ஒரு தாளின் மேல் நின்று, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடு. குனிந்து நீயே போடாதே, எடை மாறிவிடும். உன் ரூமில் இருக்கும் பெண்ணைப் போடச் சொல். மில்லிமீட்டரில் எழுதிப் படம் அனுப்பு. பட்டியலோடு நான் ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன். இரண்டு காலையும் அள. உனக்கு வலது பாதம் ஒரு நெல் நீளம் கூடுதல். நான் எப்போதும் அந்தக் காலுக்குத்தான் ஈர்க்கை ஒடிப்பேன்.

இப்படிக்கு,
அப்பா