நகர மன்றங்களில் தொழில் பழக இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் ஐடிஇ எனும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து முடிக்கிற பிள்ளைகளுக்கு, நம் வீவக அடுக்குமாடிப் பேட்டைகளைப் பராமரிக்கும் நகர மன்றங்களும் அரசாங்க வாரியங்களும் நேரடியாகத் தொழிற்பழகுநர் இடங்களை இன்னும் நிறையக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மகன் ஐடிஇயில் மின்சாரப் பிரிவு படித்தான். வேலைப்பயிற்சிக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் போனான். பாதி நாள் ஸ்டோரில் சாமான் எண்ணினான், மீதி நாள் படிவங்களை நகலெடுத்தான், ஒரு மோட்டாரைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அங்கே தொழில் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் புளோக்குக்குத் தண்ணீர் பம்ப் பார்க்க ஒரு பெரியவர் வருவார். பம்ப் அறைக் கதவைத் திறந்ததுமே சத்தத்தை வைத்து பேரிங் தேய்ந்திருக்கிறதா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். எந்தத் தளத்துக் கழிவுக் குழாய் அடிக்கடி அடைக்கும், எந்த வால்வை இரண்டு சுற்றுக்கு மேல் திருகக் கூடாது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் கிடையாது, அவருக்குத்தான் தெரியும். அவருக்கும் ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது. இன்றுவரை அவர் பின்னால் ஒரு இளைஞன் கருவிப் பையோடு வந்து நான் பார்த்ததில்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

1986ல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988ல் சட்டமாகி வந்தவை நம் நகர மன்றங்கள். மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, நடைபாதை விளக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் கையால் செய்யும் வேலை பெரும்பாலும் ஏலக்குத்தகையில் வெளியே போகிறது. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த முறை நமக்குக் கிடைக்குமா என்றே தெரியாத கான்ட்ராக்டர், ஒரு பையனை வருடக்கணக்கில் பழக்குவாரா? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படி வெளியே கொடுக்கும் வேலைக்கு, ஏலக்குத்தகை நிபந்தனையிலேயே ‘இத்தனை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும், பழக்குபவருக்கு இத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் ஒரே விதி ஆகிவிடும்.

இதற்குப் புதிதாக ஒரு திட்டம் வேண்டியதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிற வேலை-படிப்பு டிப்ளோமாவை ஐடிஇ 2018லேயே கொண்டுவந்துவிட்டது. மின்தூக்கித் துறைக்கும் அதில் இடம் உண்டு. அப்புறம், 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024ல், அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில், பயிற்சிக்கென்று கூடுதலாக 4,000 வெள்ளி கொடுத்தார்கள், வேலை மாற நினைக்கும் அவர்களையும் இதில் சேர்க்கலாமே.

செலவு கூடும், குடியிருப்பாளர்கள் நகர மன்றத்துக்குக் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் ஏறும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் பழகும் காலத்துச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்று கேட்கிறேன்.

நம் சமூகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளை ஐடிஇ என்றால் உறவினர் வீட்டு விசேஷத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அதே பிள்ளை நகர மன்றச் சீருடையில், வேலை நியமனக் கடிதத்தோடு, பழகி முடித்ததும் நிரந்தர வேலை உறுதி என்ற நிலையில் இருந்தால் அந்தப் பேச்சு மாறும். ‘அரசாங்க வேலை’க்கு நம் வீடுகளில் இருக்கிற மதிப்பு உங்களுக்கே தெரியும்.

நகர மன்றங்கள் ஆண்டறிக்கை வெளியிடுகின்றன. அதில் இரண்டே வரி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்: இந்த ஆண்டு எத்தனை பழகுநர்களைச் சேர்த்தோம், பழகி முடித்தவர்களில் எத்தனை பேரை நிரந்தரமாக வைத்துக்கொண்டோம் என்று.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்