தம்பிக்கு, கராஜிலிருந்து

தம்பி,

வாட்ஸ்ஆப்பில் போட்டால் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீ இந்தப் பக்கம் வந்துபோகிறாய் என்று தெரியும். போன வருடம் மாவடு பற்றி எழுதியபோது பெயர் போடாமல் ஒருத்தர் வந்து "பொடியுப்பு போட்டா கெட்டுடும், கல்லுப்புதான்" என்று திருத்திவிட்டுப் போனார். அந்தத் தொனியில் என்னைத் திருத்துகிற ஆள் உலகத்தில் ஒருத்தன்தான்.

விஷயம் இதுதான். உன் மருமகனுக்கு 16 ஆகிவிட்டது. டாகோர்ஹிர், அதுதான் ஃபோம் கத்தியால் சண்டை போடும் அந்த விளையாட்டு, ஆடப் போக என் கையெழுத்து வேண்டும் என்று அந்தத் தாளை ஒரு வருடமாக ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தான். பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும், படாதமாதிரி இருப்பேன். போன வியாழக்கிழமை போட்டுவிட்டேன். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மைதானம். கத்தி இரவல் தருவார்களாம், ஆனால் துரைக்குச் சொந்தக் கத்திதான் வேண்டுமாம். நாலு நாளாக கராஜில் நானும் அவனும், நீ விட்டுப்போன சாமான்களும்.

ஆமாம், எதையும் தூக்கிப் போடவில்லை. அரை இஞ்ச் பிவிசி குழாய் இரண்டு துண்டு, சுருட்டி வைத்த ஃபோம் கேம்ப்பிங் பாய், அதை அறுக்க என் சமையலறையிலிருந்து நீ திருடிய ரொட்டிக் கத்தி. காண்டாக்ட் சிமென்ட் பசை டப்பா மட்டும் கல்லாகிக் கிடந்தது. உன் அத்தான் எத்தனையோ தடவை குப்பைக்கு எடுத்து வைத்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்ப உள்ளே வைத்தவள் நான். இதை நன்றிக்காகச் சொல்லவில்லை, அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வராது என்று 14 மாதம் சோறு போட்டவளுக்குத் தெரியும்.

சரி, அதை விடு.

குழாய்மேல் ஃபோமைச் சுற்றி டக்ட் டேப் ஒட்டினால் கத்தி வந்துவிடும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இதற்குப் போய் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்தாயே என்று. இப்போது நானே செய்யும்போதுதான் தெரிகிறது. பாயைக் குழாயைவிட நீளமாகப் பட்டை பட்டையாக அறுக்க வேண்டும், பசையை ஃபோமிலும் தடவ வேண்டும் குழாயிலும் தடவ வேண்டும், தடவிய கையோடு ஒட்டக்கூடாது. இருபது நிமிடம் போல விட்டு, விரல் முட்டியால் தொட்டுப் பார்த்து, பிசுபிசுப்பு போன பிறகு சேர்த்தால் கப்பென்று பிடிக்கிறது. கோணலாகப் பிடித்துவிட்டால் போச்சு, நகர்த்த முடியாது, பிய்த்தால் ஃபோம் கிழிந்து வருகிறது. நான் இரண்டு பட்டையைக் கிழித்தேன். அவன் "அம்மா, மாமா எப்படிப் பண்ணாங்க?" என்று கேட்டான். நான் பார்க்கவே இல்லையேடா, எப்படிச் சொல்ல.

அப்புறம் அந்த உறை. டேப்பை மேலே சுற்றினால் பட்ட இடத்தில் சுள்ளென்று எரியும், துணி உறைதான் நல்லது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் மறுநாள் என் நீல உள்பாவாடையைக் காணோம். ஒற்றைக் கைக் கத்திக்கு நீலம், 48 அங்குலம் தாண்டினால் இரண்டு கையால் பிடிப்பது, அதற்குச் சிவப்பு, குத்துவதற்குப் பச்சை என்று யாரோ சொல்ல, கத்தி முழுக்க நீலமாக இருக்க வேண்டும் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். அடையாளத்துக்குக் கைப்பிடிப் பக்கம் துளி நீல டேப் போதும் என்று மைதானத்தில் சொல்லி அனுப்பினார்களாமே. அதற்குள் என் பாவாடை போயிற்று. நாடா கோத்த பக்கத்தை அப்படியே கைப்பிடிப் பக்கம் வைத்துச் சுருக்கிக் கட்டியிருந்தாய், தையல் கூடப் பிரிக்கவில்லை. இதை நினைத்து எத்தனையோ நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

அந்த ராத்திரியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போகிறேன்.

2014 பிப்ரவரி. மேரிலாந்து முழுக்கப் பனி கொட்டி எல்லாம் மூடிக் கிடந்த வாரம். கராஜ் கதவுக்கு முன்னால் இடுப்பளவு குவிந்திருந்தது, திறக்க முடியாது. அன்று சாயங்காலம் ஊரிலிருந்து வந்த போன் பற்றி இங்கே எழுதமாட்டேன், யார் பேசினார்கள், உன் விசா பற்றி நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதமாட்டேன். சொந்தபந்தம் பாதிப் பேர் படிக்கிறார்கள். நீ படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. இதை நீ நம்பினால் நம்பு.

பசை நாற்றம் மாடிவரை வந்தது. கீழே வந்து பார்த்தால், குளிரில் பசை பிடிக்கவில்லை என்று ரூம் ஹீட்டரைப் போட்டு, அதற்கு ஒரு முழம் தள்ளித் திறந்த டப்பா. டப்பாமேல் நெருப்புப் படம் போட்டிருக்கிறது. பக்கத்துப் படியில் என் ஐந்து வயதுப் பிள்ளை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஹீட்டரைப் பிடுங்கினேன். கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை. அதுதான் தப்பாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன். நீ என் முகத்தைப் பார்த்தாயா இல்லையா தெரியவில்லை, கத்தியை என் கையில் கொடுத்து, "அக்கா, என்னை அடி. முழு பலத்தோட அடி. உள்ள குழாய் தெரியுதான்னு பாக்கணும்" என்றாய்.

அடித்தேன். தோளில் ஒன்று. "தெரியலக்கா, இன்னும்." முதுகில் ஒன்று. "சூப்பர், போதும்" என்று நீ சொன்னதும் காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. மூன்றாவது, நாலாவது, அப்புறம் எண்ணவில்லை. போன் கால், வீட்டுக் கடன், உன் அத்தானுக்கு அப்போது இருந்த வேலை நிலைமை, அம்மாவின் அழுகை, எல்லாவற்றையும் உன்மேல் அடித்தேன். கடைசி அடி காதோடு சேர்த்து விழுந்தது. நீ கையை எடுத்து மறைக்கக்கூட இல்லை. மெதுவாக, "தலையில அடிக்கக் கூடாதுக்கா, அது ரூல்" என்றாய். படியில் இருந்தவன் விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டினான்.

ஃபோம் கத்திதானே, வலித்திருக்காது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். நீ செய்தது நல்ல கத்தி, நிஜமாகவே வலித்திருக்காது. அதற்காக நான் அடித்தது விளையாட்டு ஆகிவிடாது, அதுவும் தெரியும். மன்னித்துவிடு. ஆனால் ஹீட்டரை அங்கே வைத்தது உன் தப்புதான், அதில் மாற்றமில்லை.

மறுநாள் காலையில் நீ தோசை கேட்டாய், நான் சுட்டுக் கொடுத்தேன், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மாதத்தில் கிளம்பிப் போனாய். போகும்போது வாசலில் வைத்து, "தாத்தா கம்பு சுத்தினா வீரம், நான் சுத்தினா கிறுக்கா?" என்று கேட்டாய் பார், அன்று வாயில் வராத பதிலை இப்போது சொல்கிறேன். ஆயுத பூஜைக்குத் தாத்தாவின் சிலம்பக் கம்புக்குச் சந்தனம் வைத்தது நீயும் நானும்தான். ஆனால் தாத்தா வயலுக்குப் போய்விட்டு வந்துதான் கம்பைத் தொடுவார். நீ வேலை தேடுகிற கட்டத்தில் பன்னிரண்டு மணிவரை தூங்கினாய். என் கோபம் கத்திமேல் இல்லை. கத்திமேலும் கொஞ்சம் இருந்தது. இந்த ஆட்டம் 1977-ல் இதே வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில்தான் ஆரம்பித்தது, பெரிய ஆட்கள் எல்லாம் ஆடுகிறார்கள் என்று நீ விளக்கியபோது, சாதம் வடித்துக்கொண்டே "அவங்களுக்கெல்லாம் கிரீன் கார்டு இருக்கு" என்றேன். அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

இதையெல்லாம் ஏன் இப்போது கிளறுகிறாள் என்று நினைப்பாய். தாளை நீட்டும்போது உன் மருமகன் சொன்னான்: "நீயும் மாமாவும் இங்க சண்டை போட்டீங்களேம்மா, மாமா அடி வாங்கிட்டே சிரிச்சாங்க, செம ஜாலியா இருந்துச்சு. அன்னிலேர்ந்தே எனக்கு இது ஆசை." நீ சிரித்தாயா? எனக்கு உன் முகமே ஞாபகத்தில் இல்லை, காது மட்டும்தான் இருக்கிறது. அவனிடம் நான் எதையும் திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

நேற்று கத்தி ஓரளவுக்கு முடிந்தது. 40 அங்குலம். அவன் ஹாலில் சாகப் பழகிக்கொண்டிருக்கிறான், காலில் அடி பட்டால் மண்டியிட வேண்டும், கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும், உடம்பில் பட்டால் செத்தான். மூன்றாவது தடவை செத்தபோது டீப்பாய்மேல் விழுந்தான். கராஜுக்கு வந்து கத்தியை என் கையில் கொடுத்து, "அம்மா, என்னை அடிச்சுப் பாரு" என்றான். நான் வாங்கவில்லை. நீ என்னை அடி என்று திரும்பி நின்றேன். பயந்து பயந்து தட்டினான், பிறகு பலமாக அடித்தான். பக்கவாட்டில் நன்றாக இருக்கிறது, குழாய் தெரியவில்லை. ஆனால் முனையால் குத்தினால் விலாவில் உள்ளே ஏதோ கட்டியாக இடிக்கிறது. குழாய் வாய்க்கு மூடி போட்டு, அதன்மேல் ஃபோமை வட்ட வட்டமாக வெட்டி மூன்று அடுக்கு ஒட்டியிருக்கிறேன். இந்த மாதிரி முனையோடு போனால் ஞாயிற்றுக்கிழமை சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன் பழைய கத்தியை அறுத்துப் பார்க்கலாம் என்றான் அவன், நான் விடவில்லை.

முனைக்கு நீ எத்தனை அடுக்கு வைத்தாய்? எண்ணை மட்டும் அனுப்பு. பெயர் போடாமல் அனுப்பினாலும் சரி.

அக்கா