கீல் உடைந்தால் லேப்டாப்பைக் கைவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திண்டுக்கல்லில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கல்லூரி திறக்கும் மாதங்களில் ஒரே புகார்தான் அதிகம் வரும்: மூடியைத் திறக்கும்போது 'டக்' என்று சத்தம், அப்புறம் கீல் இருக்கும் மூலையில் பாடி பிளந்து வாய் திறந்து நிற்கும். 'கீழே போட்டுட்டு சொல்லாம இருக்கான்' என்று பிள்ளையைத் திட்டிக்கொண்டேதான் பெற்றோர் உள்ளே வருவார்கள். அவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

பெரும்பாலும் பிள்ளை மேல் தவறு இல்லை. விலை குறைந்த மாடல்களில் கீலைத் தாங்குவது பிளாஸ்டிக்கில் சூடேற்றிப் பதித்த சின்னப் பித்தளை நட்டுகள். திரை விட்ட கோணத்தில் நிற்க வேண்டுமென்று கீலை இறுக்கமாகவே செய்கிறார்கள். நாளாக ஆக அது இன்னும் இறுகினால், திறக்கும் விசை முழுவதும் அந்த நட்டுகளில் இறங்கும். ஒரு நாள் நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்துவிடும். திரையை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் இருந்தால் இது சீக்கிரமே நடக்கும். நடுவில் பிடித்துத் திறப்பது நல்லது.

விரிசல் சின்னதாக இருக்கும்போதே கொண்டுவந்தால் சில நூறு ரூபாயில் முடியும். பலர் வீட்டிலேயே ஃபெவிக்விக் ஊற்றிவிட்டு வருகிறார்கள். அது காய்ந்ததும் மொரமொரப்பாகிவிடும், கீலின் விசையைத் தாங்காது. உள்ளே வழிந்து கீலையே ஒட்டிவிடுவதும் உண்டு. அழுத்தம் விழாத ஓரக் கீறலுக்கு மட்டும் அது போதும். கீல் பக்கம் என்றால் இரண்டு ட்யூபைக் கலந்து பூசும் எபாக்ஸிதான் சரி, அதிலும் மெதுவாக இறுகும் வகை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். உடைந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். நட்டைப் பழைய இடத்தில் வைத்து, ஸ்க்ரூவில் துளி கிரீஸ் தடவி மாட்டி, நட்டைச் சுற்றி எபாக்ஸி நிரப்பி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட வேண்டும். விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் ஊசித் துளை போடுவேன். இவ்வளவும் செய்துவிட்டு கீலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தாமல் விட்டால் மறுபடி அங்கேயேதான் உடையும். பல கடைகளில் இந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அசிட்டோன் ஊற்றி ஒட்டச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தும் சிலர் செய்கிறார்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் அதில் கரைந்து ஒட்டும், உண்மைதான். ஆனால் பல லேப்டாப்களின் உள்பக்கம் 'பிசி+ஏபிஎஸ்' என்று அச்சிட்டிருக்கும். அதில் பிசி என்பது பாலிகார்பனேட்; அது அசிட்டோன் பட்டால் வெளுத்து நுண்விரிசல் விடும். அதனால் உள்ளே பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

பிளந்தபடியே பயன்படுத்தினால் கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் நசுங்கி அறுந்துவிடும். அப்போது செலவு ஆயிரங்களில் போகும்.

பிளாஸ்டிக் தூளாகிப் போன லேப்டாப்களும் வருகின்றன. அவற்றுக்குப் பேனல், அதாவது உடைந்த பக்கத்து பிளாஸ்டிக் பாடியையே மாற்றுவதுதான் வழி. ஆனால் பல மாடல்களுக்குப் பேனல் கிடைப்பதே இல்லை. உத்தரவாதக் காலத்திலும் 'பிஸிக்கல் டேமேஜ்' என்று சொல்லி நிறுவனத்தார் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நல்ல பிராசஸரும் நல்ல திரையும் இருக்கும் கருவி, ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக எடைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தை மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ல் தொடங்கியது. நிறுவனங்கள் அதில் கையேடு, உத்தரவாத விவரம் தருவதோடு நின்றுவிடாமல், மாடல் வாரியாகப் பேனல், கீல் விலையையும் போட வேண்டும். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. மடிக்கணினி கொள்முதல் ஒப்பந்தங்களில், கீல் பக்க விரிசலும் உத்தரவாதத்தில் சேரும், ஐந்து ஆண்டுகளுக்குப் பேனலும் கீலும் வெளிக்கடைகளுக்கும் விற்கப்படும் என்று இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க அரசு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மடிக்கணினி பழுதுபார்ப்பவர்,
திண்டுக்கல்.