'உழைப்பாளர் சிலை எறங்கு!'

ஆசிரியருக்கு வணக்கம்.

பேருந்து நடத்துநராக 22 வருடம் 'உழைப்பாளர் சிலை எறங்கு' என்று கத்தியிருக்கிறேன். சிலையை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. போன வாரம் பேத்தியோடு மெரினா போனபோதுதான் பார்த்தேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தார்கள். பாறையோடு மல்லுக்கட்டும் நான்கு பேர். அந்தக் கெண்டைக்கால் சதையைப் பார்த்ததும், நெல் மூட்டை சுமந்த என் அப்பாவின் கால்தான் ஞாபகம் வந்தது.

பேத்தி, "தாத்தா, பாறை நகருமா நகராதா?" என்றாள். நகரும் என்றேன். நகராது என்று அடித்துச் சொன்னாள். பக்கத்தில் சுண்டல் விற்றவர், "அவங்க தள்ளல சார், உருண்டு வராம தடுக்குறாங்க" என்றார். அடடா, அப்படியும் பார்க்கலாமே!

வந்தவர்களில் பாதிப் பேர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சரி, அது அவரவர் இஷ்டம். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஓர் ஆசிரியர், "இது உழைப்பின் பெருமை, எழுதிக்கோங்க" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டதுதான் உறுத்தியது. ஒரு பையன் எழுதாமல் பாறையையே வெறித்துக்கொண்டு நின்றான். அவனிடம் என்ன தெரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
திருவல்லிக்கேணி