பொன்னுக்கு வீங்கி சாதாரண நோயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் பொன்னுக்கு வீங்கியைப் பற்றி, “தானாகவே வடிந்துவிடும் சாதாரண நோய், பயப்படத் தேவையில்லை” என்று எழுதியிருந்தீர்கள். என் மகளுக்கு அது 9 வயதில் வந்தது. நீங்கள் எழுதியபடியே ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. அதோடு இரண்டு காதும் போய்விட்டது.

இப்படி ஆவது அரிது என்பது எனக்கும் தெரியும். அப்படியே ஆனாலும் பெரும்பாலும் ஒரு காதோடு நின்றுவிடுமாம். அந்த ‘அரிது’ என்ற சொல்லையாவது நீங்கள் போட்டிருக்கலாம். கூப்பிட்டும் திரும்பாதவளை, அடம் பிடிக்கிறாள் என்று நினைத்து நான் அடித்திருக்கிறேன். காட்டிய இடத்தில் சளி அடைப்பு என்று சொட்டு மருந்து கொடுத்தே பதினைந்து நாளைக் கடத்தினார்கள்.

அவளுக்கு எந்த ஊசியும் தவறவிட்டதில்லை, அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. ஆனால் அரசு போடும் ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போட வேண்டுமென்றால் தனியாரிடம் காசு கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா இது? கட்டுரையில் ஏன் ஒரு வரி இல்லை?

அப்புறம் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கருவி. உள்காதின் செல்கள் செத்துப்போனால் சத்தத்தைக் கூட்டித் தரும் காது மெஷின் பயன்படாது. இதுதான் நரம்புக்கே நேராக மின்துடிப்பை அனுப்பும். முதலமைச்சர் காப்பீட்டில் விண்ணப்பிக்கப் போனோம், 6 வயதைத் தாண்டிவிட்டது என்றார்கள். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்குப் பேச்சு வர அந்த வயதுக்குள் வைக்க வேண்டும், சரி. ஒன்பது வருஷம் கேட்டு, பேசி, பாடிய பிள்ளைக்குமா அதே கணக்கு? வீக்கம் வடியட்டும் என்று பாட்டி அவள் கழுத்தில் போட்டுவிட்ட தங்கச் சங்கிலியையும் சேர்த்து அடகு வைத்துத்தான் ஒரு காதுக்கு வாங்கினோம்.

கருவியை முடுக்கிய அன்று, என் குரல் தகரத்தை உரசுவதுபோல் இருக்கிறது என்று அழுதாள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த பிறகுதான் அது அவளுக்கு அம்மா குரலானது. போன மாதம் பரீட்சை அறையில் கருவியின் வெளியே மாட்டும் பகுதியை புளூடூத் என்று சொல்லிக் கழற்ற வைத்துவிட்டார்கள். கழற்றினால் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. கேள்வித்தாளில் பிழை என்று திருத்தம் வாசித்தது தெரியாமலே எழுதிவிட்டு வந்தாள்.

நான் கேட்பது இரண்டே வரி. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளை கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால், அன்றைக்கே காது கேட்கும் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள் என்று அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது போடுங்கள்.

ஒரு தாய்,
விழுப்புரம் மாவட்டம்