கல்லறை என்றால் பயம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டில்லிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் செங்கோட்டையைப் பார்த்த கையோடு ஆக்ராவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். லோதி தோட்டத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. இத்தனைக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. 1444-இல் எழுந்த, டில்லி சுல்தான் முகமது ஷாவின் எண்கோணச் சமாதியைச் சுற்றிப் புல்வெளி. காலையில் நடைப்பயிற்சி, யோகாசனம், கொஞ்ச தூரத்தில் விரிப்பைப் போட்டுப் பூரி சாப்பிடும் குடும்பம். சமாதி என்று ஒருவரும் ஒதுங்குவதில்லை. (1936-இல் இதைப் பூங்காவாக்க அங்கிருந்த கிராமத்தையே அப்புறப்படுத்தினார்கள் என்பது வேறு கதை.)

நம் பினாங்கிலும் நார்தம் சாலையில் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவி, 1794-இல் இறந்த பிரான்சிஸ் லைட் அங்கேதான் அடக்கம். கெம்போஜா (ஈழத்தலரி) மரங்கள் நல்ல நிழல் தருகின்றன. பாசி படிந்த கற்களில் பூ உதிர்ந்து கிடக்கும். ஆனால் வீட்டில் பெரியவர்கள், “அங்கெல்லாம் போகாதே, காத்து கருப்பு அடிச்சிடும்” என்கிறார்கள்! சரி, இருட்டில் வேண்டாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வெயில் ஏறுமுன் மாணவர்களை ஒரு சுற்று அழைத்துப் போகலாமே. பாடநூலில் படித்த பெயரைக் கல்லில் பார்க்கட்டும்.

வாசகர்,
பட்டர்வொர்த்